பெத்தவங்கள்ல ஒருத்தராலயே குழந்தைக்கு ஆபத்துன்னா: குடும்ப நீதிமன்றத்துக்கு முதல் தடவை போறவங்களுக்கு

வீட்ல அடி, குடி, மிரட்டல் தாங்க முடியாம பிள்ளைய கூட்டிட்டு வெளிய வந்துட்டீங்க, இல்ல வரலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கீங்க. அதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தர் "கோர்ட்டுக்கு போனா அப்பன்கிட்டதான் குடுப்பாங்க"ன்னு பயமுறுத்துவாங்க, சித்தி வந்து "அஞ்சு வயசுக்குள்ளதானே, அம்மாகிட்டதான், நீ நிம்மதியா இரு"ன்னு சொல்லிட்டு போவாங்க. ரெண்டும் பாதி பாதிதான் சரி. நான் வக்கீல் இல்ல, சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல தன்னார்வலரா இருந்து இந்த மாதிரி வர்றவங்க கூட தமிழ்நாட்டு கோர்ட்டுகளுக்கு போயிட்டு வர்ற ஆளு. முதல் தடவை வர்றவங்க எல்லாருமே அதே இடங்கள்லதான் தடுமாறறாங்க, அதனாலதான் இத எழுதறேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க. ஜட்ஜுக்கு உங்க வீட்ட பத்தி எதுவுமே தெரியாது. நீங்க பத்து வருஷம் அனுபவிச்சத அவங்க சில காகிதத்துலயும் சில நிமிஷத்துலயும்தான் பாக்கறாங்க. அதனால "அவர் ரொம்ப மோசமானவர்"னு சொன்னா எடுபடாது. என்ன நடந்துச்சு, என்னைக்கு நடந்துச்சு, அப்ப குழந்தை எங்க இருந்துச்சு, இனிமே என்ன நடக்கும்னு பயப்படறீங்க, அத தடுக்க கோர்ட் என்ன செய்யணும்னு கேக்கறீங்க, இந்த அஞ்சுக்கும் உங்ககிட்ட பதில் இருக்கணும். கீழ நான் சொல்ற எல்லாமே இதுக்காகத்தான்.

இன்னைக்கே ஆபத்துன்னா

கோர்ட் அப்புறம். முதல்ல 112. குழந்தைக்குன்னா 1098, பெண்களுக்கு 181, மூணுமே ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க. குழந்தைக்கோ உங்களுக்கோ அடிபட்டிருந்தா நேரா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு போங்க, டாக்டர் கேக்கும்போது "கீழ விழுந்துட்டேன்"னு மட்டும் சொல்லிடாதீங்க, யார் அடிச்சது, எதால அடிச்சதுன்னு சொல்லி ஏஆர்-ல (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) பதிய வைங்க. குடும்ப மானம் போயிடும்னு அன்னைக்கு மறைச்ச ஒரு வரி, ரெண்டு வருஷம் கழிச்சு எதிர்தரப்பு வக்கீல் கையில கிடைக்கும். "நீங்களே கீழ விழுந்தேன்னுதானே சொல்லியிருக்கீங்க"ன்னு குறுக்கு விசாரணைல கேப்பார்.

ஸ்டேஷன்ல "இது குடும்பப் பிரச்சனைம்மா, பேசி தீத்துக்கோங்க"ன்னு திருப்பி அனுப்பப் பாப்பாங்க. எழுதி குடுத்துட்டு சிஎஸ்ஆர் ரசீது (புகார வாங்கிக்கிட்டோம்னு ஸ்டேஷன்ல குடுக்கற சீட்டு) வாங்காம வராதீங்க. எஃப்ஐஆர் போடலன்னாலும் அந்த ரசீதுல தேதி இருக்கும், அந்த தேதிதான் உங்களுக்கு வேணும்.

சட்டம் என்ன சொல்லுது

ரொம்ப விரிவா போகல. இந்து குடும்பங்களுக்கு 1956-ம் வருஷத்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், எந்த மதத்துக்கும் பொதுவா 1890-ம் வருஷத்து காப்பாளர் சட்டம், விவாகரத்து கேஸ் ஏற்கனவே நடந்துட்டு இருந்தா இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவு. 56-ம் வருஷச் சட்டத்தோட 6-வது பிரிவுல அப்பாதான் இயற்கை காப்பாளர், அவருக்கு அப்புறம் அம்மான்னு இருக்கும், அஞ்சு வயசு முடியாத குழந்தை சாதாரணமா அம்மாகிட்ட இருக்கணும்னும் இருக்கும். ஊர்ல பேசிக்கிற ரெண்டு கதையும் இங்கேர்ந்துதான் வருது. ஆனா அதே சட்டத்துல 13-வது பிரிவு, குழந்தையோட நலன்தான் எல்லாத்துக்கும் மேலன்னு சொல்லுது. அப்பா அம்மா உரிமை எல்லாம் அதுக்கு கீழதான். 1973-லயே ரோஸி ஜேக்கப் வழக்குல சுப்ரீம் கோர்ட், குழந்தைங்க பெத்தவங்களோட உடைமையும் இல்ல விளையாட்டுப் பொருளும் இல்லன்னு சொல்லிடுச்சு. அது நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்லேர்ந்து போன கேஸ்.

இன்னொரு தீர்ப்பு உங்க வக்கீல்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. 2008, நீல் ரதன் குண்டு வழக்கு. அம்மா இறந்துட்டாங்க, வரதட்சணைக் கொடுமைன்னு அப்பா மேல கிரிமினல் கேஸ், பையன் தாத்தா பாட்டிகிட்ட இருந்தான். கீழ் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் அப்பாகிட்ட குடுக்கச் சொல்லிடுச்சு. சுப்ரீம் கோர்ட் அத மாத்தி தாத்தா பாட்டிகிட்டயே விட்டுச்சு, ஏன்னா காப்பாளரா வர நினைக்கறவரோட நடத்தைய பாக்கணும், அந்த கிரிமினல் கேஸ கண்ண மூடிட்டு தாண்டிப் போக முடியாது, பையனோட விருப்பத்தயும் கேக்கணும்னு. தாத்தா பாட்டியா, மாமாவா இருந்து போராடறவங்களுக்கு இது பெரிய பலம்.

ஆபத்தான ஆள்னா அப்பாவாதான் இருக்கணும்னும் இல்ல. குடியும் வன்முறையும் அம்மா பக்கம் இருந்து, அப்பா பிள்ளைய காப்பாத்த வந்த கேஸும் இருக்கு. வழி கொஞ்சம் மாறும், அத சொல்றேன்.

எந்த கோர்ட், எந்த மனு

மூணு இடம் இருக்கு, மூணும் வேற வேற வேலை செய்யும், நிறைய பேர் இங்கதான் குழம்பறாங்க.

நிரந்தரமா குழந்தை யார்கிட்டங்கறத முடிவு பண்றது குடும்ப நீதிமன்றம். சென்னைன்னா ஹைகோர்ட் வளாகத்துலயே இருக்கு. குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊர்ல மாவட்ட கோர்ட்ல போடணும். மனுவுக்கு ஜிடபிள்யூஓபின்னு (காப்பாளர் சட்டத்துல போடற மனுங்கறதோட சுருக்கம்) நம்பர் குடுப்பாங்க. அது முடிய நாளாகும், அதனால கூடவே ஒரு ஐஏ, அதாவது இடைக்கால மனு போடச் சொல்லி வக்கீல்கிட்ட கேளுங்க. 1890 சட்டத்துல 12-வது பிரிவு இதுக்குத்தான் இருக்கு, கேஸ் முடியறவரைக்கும் குழந்தைய யார் பாதுகாப்புல வைக்கறதுன்னு கோர்ட் உத்தரவு போடலாம். மெயின் மனுவ மட்டும் போட்டுட்டு ஐஏ போடாம விட்டா நோட்டீஸ், பேட்டா (நோட்டீஸ் அனுப்பக் கட்டற பணம்), கவுண்டர் (எதிர்தரப்பு எழுதிக் குடுக்கற பதில்), வாய்தான்னு மாசக்கணக்குல இழுக்கும், அதுவரைக்கும் உங்க கையில ஒரு உத்தரவும் இருக்காது.

ரெண்டாவது, மாஜிஸ்ட்ரேட் கோர்ட். 2005-ம் வருஷத்து குடும்ப வன்முறை தடுப்புச் சட்டம், டிவி ஆக்ட்னு எல்லாரும் சொல்றது. நீங்க பெண்ணா இருந்தா, சீக்கிரமா பாதுகாப்பு வேணும்னா என் அனுபவத்துல முதல்ல தட்ட வேண்டிய கதவு இதுதான். மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க, அவங்க மூலமாவும் போடலாம், நேராவும் போடலாம். முதல் ஹியரிங் சாதாரணமா 3 நாளைக்குள்ள வரணும்னு சட்டம் சொல்லுது, 60 நாள்ல முடிக்கப் பாக்கணும்னும் சொல்லுது. நடைமுறைல அந்த வேகம் இருக்காது, ஆனா அவசரம்னு அஃபிடவிட்ல (சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கற வாக்குமூலம்) காட்டினா 23-வது பிரிவுல எதிர்தரப்பு வராமலே இடைக்கால உத்தரவு வாங்க முடியும். 18-வது பிரிவுல உங்க பக்கம் வரக்கூடாது, போன்ல தொந்தரவு பண்ணக்கூடாது, குழந்தையோட ஸ்கூலுக்குள்ள போகக்கூடாதுன்னு தடை கேக்கலாம். 21-வது பிரிவுல தற்காலிக கஸ்டடி, அதாவது குழந்தை இப்போதைக்கு உங்ககிட்ட இருக்கட்டும்னு உத்தரவு, கேக்கலாம். அவர் வந்து பாக்கறது குழந்தைக்கு கெடுதல்னு மாஜிஸ்ட்ரேட் நினைச்சா பாக்க அனுமதி மறுக்கணும்னே அந்த பிரிவுல இருக்கு. இத ஏன் அழுத்தி சொல்றேன்னா, "அப்பா பாக்கறத யாராலயும் தடுக்க முடியாது"ன்னு சொல்றவங்க நிறைய. சட்டம் அப்படி சொல்லல.

வேற ஊர்லேர்ந்து ஓடி வந்தவங்களுக்கு இன்னொரு சங்கதி. பெங்களூர்ல குடும்பம் நடத்திட்டு இருந்து திருச்சி அம்மா வீட்டுக்கு வந்துட்டீங்கன்னு வைங்க. காப்பாளர் சட்டப்படி குழந்தை வழக்கமா வசிக்கற இடத்து கோர்ட்டுக்குத்தான் அதிகாரம், அதனால "இந்த கோர்ட்டே செல்லாது"ன்னு எதிர்தரப்பு முதல் நாளே கிளப்பும். டிவி ஆக்ட்ல நீங்க தற்காலிகமா தங்கியிருக்கற ஊர்லயே போடலாம். திருச்சில குழந்தைய ஸ்கூல்ல சேத்த தேதி, ஆதார் முகவரி மாத்தினது, தடுப்பூசி போட்டது எல்லாத்தயும் சேத்து வைங்க, பின்னாடி அந்த வாதத்துக்கு பதில் சொல்ல உதவும்.

மூணாவது, குழந்தைகள் நலக் குழு, சிடபிள்யூசி. கஸ்டடி சண்டைய தீத்து வைக்கற இடம் இல்ல இது. ஆனா கூட இருக்கறவங்களாலயே குழந்தைக்கு அடி, சித்திரவதைன்னா 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி அந்தக் குழந்தைக்கு பாதுகாப்பு தேவைன்னு எடுத்து, பாதுகாப்பான ஒருத்தர்கிட்டயோ இல்லத்துலயோ வைக்க இவங்களுக்கு அதிகாரம் உண்டு. 1098-க்கு அடிச்சா விஷயம் இவங்ககிட்டதான் வந்து சேரும். டிவி ஆக்ட்ல ஆண்கள் மனு போட முடியாதுங்கறதால, பிள்ளைய காப்பாத்த நினைக்கற அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் சிடபிள்யூசியும் குடும்ப நீதிமன்ற ஐஏ-வும்தான் வழி. இதே சட்டத்தோட 75-வது பிரிவுல, குழந்தைய பாத்துக்கற பொறுப்புல இருக்கறவங்க கொடுமை பண்ணினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு.

ஆதாரம் சேக்கறது

குடும்ப நீதிமன்றச் சட்டம் 14-வது பிரிவு ஒரு பெரிய வசதி. சாதாரண சாட்சியச் சட்டத்துல ஒத்துக்காத ஆவணமா இருந்தாலும், பிரச்சனைய தீர்க்க உதவும்னு தோணினா அந்த கோர்ட் வாங்கிப் பாக்கலாம். அதனால இது செல்லுமா செல்லாதான்னு நீங்களே முடிவு பண்ணி எதயும் தூக்கிப் போட்டுடாதீங்க. வாட்ஸப் மிரட்டல், வாய்ஸ் நோட், போட்டோ எதயும் போன்ல அழிக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட்ல தேதியும் நம்பரும் தெரியணும், ஒரு காப்பி அக்கா வீட்லயோ நம்பிக்கையான ஃப்ரெண்டு மெயில்லயோ இருக்கட்டும். போன உடைச்சுட்டாங்கன்னு வந்து அழுதவங்க எத்தனையோ பேர்.

ஸ்கூல மறந்துடாதீங்க. கிளாஸ் டீச்சர்தான் தினமும் குழந்தைய பாக்கறவங்க, குழந்தை திடீர்னு பேசாம போனது, கையில தழும்போட வந்தது எல்லாம் அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். ரெண்டு பக்கமும் சேராத ஆள் சொல்ற சாட்சிக்கு கோர்ட்ல தனி மதிப்பு. டாக்டர், கவுன்சிலிங் குடுக்கறவங்க, பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லாரும் அப்படித்தான்.

ஒரு நோட்டு போட்டு தேதி போட்டு எழுதிட்டே வாங்க. நடந்தத மட்டும், திட்டு வேணாம்.

மனுவுல என்ன எழுதணும்

புதுசா வர்றவங்களோட அஃபிடவிட்ல பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "எதிர்மனுதாரர் குடிப்பழக்கத்திற்கு அடிமையானவர், கொடுமைக்காரர், குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவர்." இத ஜட்ஜ் தினமும் படிக்கறாங்க, ரெண்டு பக்கமும் ஒருத்தர பத்தி ஒருத்தர் இதத்தான் எழுதறாங்க.

அதே விஷயத்த இப்படி எழுதிப் பாருங்க: "தீபாவளிக்கு முந்தின நாள் இரவு எதிர்மனுதாரர் குடித்துவிட்டு மகனை பைக்கில் முன்னால் உட்கார வைத்து ஓட்டிச் சென்று விழுந்ததில் மகனுக்கு நெற்றியில் நான்கு தையல் போடப்பட்டது, ஆஸ்பத்திரி சீட்டு இணைக்கப்பட்டுள்ளது. அதற்குப் பிறகும் இரண்டு முறை அதேபோல் அழைத்துச் சென்றார்." எழுதினதுல ஒரு திட்டும் இல்ல, ஆனா வாகனத்துல தனியா அனுப்பக்கூடாதுங்கறது படிக்கறவங்களுக்கே புரியும். கடைசில உங்க வேண்டுதலும் அதே மாதிரி துல்லியமா இருக்கணும், வெறும் "கஸ்டடி வேண்டும்"னு நிறுத்தாதீங்க.

மாமியார் சண்டை, நகை, சீர், கல்யாணச் செலவு எல்லாத்தயும் இதுக்குள்ள கொட்டாதீங்க. உங்க கோபம் நியாயமானதுதான், அதுக்கு வேற மனு இருக்கு. குழந்தை மனுவுல குழந்தைதான் தெரியணும். முக்கியமா, நடக்காதத எழுதாதீங்க. ஒரு பொய் பிடிபட்டா, நீங்க எழுதின ஒன்பது உண்மையும் அதோட சேந்து சந்தேகத்துல விழும், அதுக்கு விலை குடுக்கறது குழந்தை.

விசிட்டேஷன்: பெரும்பாலான கேஸ்ல உண்மையான சண்டை இங்கதான்

கஸ்டடி உங்ககிட்ட இருந்தாலும், அவர் குழந்தைய பாக்கணும்னு மனு போடுவார். பெத்தவங்க ரெண்டு பேரோட அன்பும் குழந்தைக்கு வேணும்னுதான் கோர்ட்டுகள் ஆரம்பிக்கும், 2020-ல சுப்ரீம் கோர்ட்டும் அதயே வலியுறுத்தியிருக்கு. அதனால "பாக்கவே கூடாது"ன்னு மட்டும் நின்னா, நீங்கதான் பிள்ளைய பிரிக்கறீங்கன்னு கதை திரும்பிடும். முழுசா தடுக்க வேண்டிய அளவு ஆபத்துன்னா அதுக்கான ஆதாரத்தோட தைரியமா கேளுங்க. இல்லன்னா பாதுகாப்பான விதத்துல பாக்கட்டும்னு நீங்களே ஒரு திட்டத்த எழுதிக் குடுங்க. ஜட்ஜ் முன்னாடி ஒரு தரப்புகிட்ட மட்டும் தெளிவான திட்டம் இருந்தா, உத்தரவும் பெரும்பாலும் அதுக்கு பக்கத்துலதான் வந்து நிக்கும்.

அந்த திட்டத்துல என்னெல்லாம் கேக்கலாம்? கோர்ட் வளாகத்துல குழந்தைங்கள பாக்கற அறைலயோ, ஒருத்தர் கண்காணிப்புலயோ மட்டும் பாக்கணும், ராத்திரி தங்க வைக்கக்கூடாது, குடிச்சிட்டு வந்தா அன்னைக்கு சந்திப்பு கிடையாது, வண்டில கூட்டிட்டு போகக்கூடாது, குழந்தையோட பாஸ்போர்ட்ட கோர்ட்ல ஒப்படைக்கணும், கோர்ட் அனுமதி இல்லாம ஊர தாண்டக்கூடாது. வெளிநாட்டுல வேலை பாக்கற ஆள்னா பாஸ்போர்ட் விஷயத்த முதல் நாளே கேளுங்க. குழந்தைய கடத்திட்டு போனா திருப்பி அனுப்பறதுக்கான 1980-ம் வருஷத்து ஹேக் ஒப்பந்தத்துல இந்தியா சேரல, ஒரு தடவை விமானம் ஏறிட்டா திரும்ப கொண்டு வர்றது பெரும்பாடு.

சந்திப்பு நாள்ல சீக்கிரமே போயிடுங்க, கூட ஒருத்தர கூட்டிட்டு போங்க. குழந்தை முன்னாடி வாக்குவாதம் வேணாம். அவர் வராம போனாலும், தள்ளாடிட்டு வந்தாலும், அங்க இருக்கற ஊழியர்கிட்ட சொல்லி பதிய வைங்க, அடுத்த வாய்தால மெமோவா (கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கற சின்னக் குறிப்பு) போடுங்க. குழந்தை அழுதுட்டே திரும்பி வந்தா "அப்பா என்ன பண்ணினார் சொல்லு சொல்லு"ன்னு துருவாதீங்க, பக்கத்துல உக்காந்து சாப்பாடு குடுங்க, தானா சொன்னா கேட்டு அந்த வார்த்தையவே நோட்டுல எழுதி வைங்க.

உத்தரவு பிடிக்கலன்னு குழந்தைய நீங்களே ஒளிச்சு வைக்கறது மட்டும் வேணாம். பயம் எனக்கு புரியுது. ஆனா உத்தரவ மீறினவங்கன்னு பேர் வந்துட்டா அடுத்த தடவை உண்மையான ஆபத்த சொன்னாலும் காது குடுக்க மாட்டாங்க. அன்னைக்கே உத்தரவ மாத்தச் சொல்லி அவசர மனு போடுங்க.

கவுன்சிலிங், ஜட்ஜ் குழந்தைகிட்ட பேசறது

சமாதானத்துக்கு முயற்சி பண்ணணும்னு குடும்ப நீதிமன்றச் சட்டம் 9-வது பிரிவு சொல்றதால கவுன்சிலர்கிட்ட அனுப்புவாங்க. ஒரே ரூம்ல எதிர்ல உக்கார பயமா இருந்தா, தனித்தனியா பேசச் சொல்லி முன்னாடியே கேளுங்க, தப்பே இல்ல. "பிள்ளைக்காக ஒண்ணா இருக்கலாமே"ன்னு சொன்னா, பிள்ளைக்காகத்தான் வெளிய வந்தேன்னு நடந்த ரெண்டு சம்பவத்த தேதியோட சொல்லுங்க. விசாரணை மூடின அறைல நடக்கணும்னு ரெண்டு பேர்ல ஒருத்தர் கேட்டாலே போதும், 11-வது பிரிவுல அப்படி நடத்தணும்னு இருக்கு.

விவரம் தெரிஞ்ச குழந்தைன்னா ஜட்ஜ் தன்னோட சேம்பருக்கு கூப்பிட்டு தனியா பேசுவாங்க. இங்க நீங்க செய்யற பெரிய உதவி, ஒண்ணுமே சொல்லிக் குடுக்காம இருக்கறது. பாடம் பண்ணின பதில் ஜட்ஜுக்கு உடனே தெரிஞ்சிடும், ஆறு வயசுப் பிள்ளை "மன உளைச்சல்"னு பேசினா யாருக்கும் தெரியும். "உன்கிட்ட பேசுவாங்க, கேட்டதுக்கு உண்மைய சொல்லு, முடிவு பண்றது பெரியவங்க வேலை, நீ என்ன சொன்னாலும் யாரும் கோச்சுக்க மாட்டோம்." இவ்ளோ போதும்.

பாலியல் கொடுமைன்னா

இது கஸ்டடி கேஸோட நிக்காது. 2012 போக்சோ சட்டப்படி விஷயம் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியே ஆகணும், 24 மணி நேரத்துல போலீஸ் சிடபிள்யூசிக்கு தெரிவிக்கணும். குழந்தை இருக்கற இடத்துக்கே வந்து, யூனிஃபார்ம் இல்லாம, முடிஞ்சவரைக்கும் பெண் எஸ்ஐதான் வாக்குமூலம் வாங்கணும். நீங்க திரும்பத் திரும்ப கேட்டு குழந்தைய சொல்ல வைக்காதீங்க, வீடியோ எடுக்காதீங்க. அந்த எஃப்ஐஆர் காப்பிய குடும்ப நீதிமன்றத்துல போட்டு, சந்திப்ப உடனே நிறுத்தி வைக்கக் கேளுங்க. கஸ்டடில ஜெயிக்கறதுக்காக இல்லாத போக்சோ புகார் குடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னா அந்த ஆள விட்டு விலகிடுங்க. பொய் புகார் குடுத்தா தண்டனை உண்டு, அதுக்கும் மேல குழந்தைய அந்த விசாரணைக்குள்ள தள்ளறது நீங்களே பண்ற கொடுமை.

உத்தரவு வந்தப்புறம்

சர்டிஃபைட் காப்பிக்கு அன்னைக்கே விண்ணப்பம் போடுங்க. ஸ்கூல் ஹெச்எம்கிட்ட ஒண்ணு, ஸ்டேஷன்ல ஒண்ணு, வேன் டிரைவருக்கு யார் யார்கிட்ட குழந்தைய விடலாம்னு எழுதி ஒண்ணு. டிவி ஆக்ட் உத்தரவுன்னா கோர்ட்டே உங்களுக்கும் ஸ்டேஷனுக்கும் இலவசமா காப்பி அனுப்பணும். அந்த பாதுகாப்பு உத்தரவ மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 20,000 ரூபா வரைக்கும் அபராதம், போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது பண்ணலாம். குடும்ப நீதிமன்ற உத்தரவ மீறினா நிறைவேற்று மனு (உத்தரவ நடைமுறைப்படுத்தச் சொல்ற மனு) போடணும். குழந்தைய தூக்கிட்டே போயிட்டாங்கன்னா ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு (குழந்தைய கோர்ட்ல கொண்டு வந்து நிறுத்தச் சொல்ற மனு), தென் மாவட்டங்கள்னா மதுரைக் கிளை.

இறுதித் தீர்ப்பு பாதகமா வந்தா 30 நாளைக்குள்ள ஹைகோர்ட்ல அப்பீல். இடைக்கால உத்தரவுக்கு அந்த அப்பீல் கிடையாது, சீராய்வு மனுதான், இத வக்கீல்கிட்ட உடனே பேசுங்க. அதோட கஸ்டடி உத்தரவு எதுவுமே கல்லுல செதுக்கினது இல்ல, நிலைமை மாறினா மாத்திக் கேக்கலாம். இன்னைக்கு ஆதாரம் பத்தலன்னு நினைக்கறவங்களும் நோட்ட மூடி வெச்சுடாதீங்க.

வக்கீலுக்கு காசு இல்லன்னா, பெண்களுக்கும் குழந்தைங்களுக்கும் வருமானம் எவ்ளோன்னே பாக்காம இலவச வக்கீல் குடுக்கணும்னு 1987-ம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துல இருக்கு. மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், 15100-க்கு போன் பண்ணியும் கேக்கலாம். போகும்போது ஆதார், கல்யாண ஆதாரம், குழந்தையோட பிறப்புச் சான்றிதழ், ஏஆர் காப்பி, சிஎஸ்ஆர் ரசீது, அந்த நோட்டு எல்லாத்தயும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு போங்க. குடுக்கற வக்கீல் போன் எடுக்கல, உங்க பேச்ச கேக்கலன்னா வேற வக்கீல் வேணும்னு அதே ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, மாத்தித் தருவாங்க.